உடும்புச் சிலைக்குப் பக்கத்தில்

வயது போனவர்களை நம்பி எதையும் கையில் கொடுக்கக் கூடாது. வேறு யாராவது இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வயது போனவள் நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் எதையும் தொலைக்க மாட்டோம். தொலைப்பது இளசுகளின் வேலை. நாங்கள் பத்திரமாக வைப்போம். ஆபத்து அங்கேதான். தொலைந்த பொருளை எப்படியும் ஒரு நாள் கண்டுபிடித்துவிடலாம். பத்திரமாக வைத்த பொருள், வைத்தவள் நினைத்தாலும் திரும்பி வராது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்லச் சொல்ல, ஒஸ்லோவில், எங்கள் அம்மருட் வீட்டுக் குசினி மேசையில் இருந்து மகள் சுகந்தி இதைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். வளைவுக்குள் கிடப்பது மட்டும் நான் சொன்னபடியே. (அதிலை கை வைக்கக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டன்.)

முதலில் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தவம். நிலத்தடி ரெயில் ஓட்டுகிறார். வெஸ்ட்லியில் தொடங்கி நகரத்துக்குள் போய், திரும்பவும் வெஸ்ட்லி. பனிக்காலத்தில் விடிய முன்னம் இருட்டில் போவார், சுரங்க இருட்டில் ஓட்டுவார், பின்னேரமும் இருட்டில்தான் வருவார். அப்படிப்பட்ட மனிதருக்கு மாயாக்காரரில் பைத்தியம் பிடித்ததில் என்ன அதிசயம்? மெக்சிக்கோ நாட்டில் அந்தக் காலத்துச் சனங்கள் சூரியனைக் கும்பிட்டுக் கட்டிய கோபுரங்கள் காட்டுக்குள் இடிந்து கிடக்கின்றனவாம். அதைப் பற்றி நோர்வே மொழியில் தலையணைபோல ஒரு புத்தகம் வாங்கிச் சாப்பாட்டு மேசையிலும் வாசித்தார். (சூரியன் வேணுமெண்டால் யாழ்ப்பாணத்திலை கொட்டிக் கிடக்குது. ஆனால் அப்ப அங்கை நினைச்ச நேரம் போய் வரேலாத காலம்.)

கடைசியில் ஒரு பனிக்கால லீவுக்கு மருமகன், மகள், பேத்தி மீரா, நான் என்று நாலு பேரும் ஒரு நோர்வே சுற்றுலாக் கூட்டத்தோடு பிளேன் ஏறினோம். அப்போது எனக்கு அறுபதைத் தாண்டிக் கொஞ்சம்தான். சின்னப் பெட்டை.

கடல், மணல், வெயில் எல்லாம் நன்றாகவே போனது. வில்லங்கம் கடைசி நாளில் வந்தது. அன்று ஹொட்டேலைவிட்டு வெளிக்கிட்டு, பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றி, இடிபாடுகளைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நேரே விமான நிலையம் போவதாகத் திட்டம். பஸ்ஸில் வந்த மற்றவர்கள் வழிகாட்டியோடு போனார்கள். எங்கள் தவம் சம்மதிக்கவில்லை.

"வழிகாட்டிக்குப் பின்னாலை ஆட்டுமந்தை மாதிரிப் போகேலாது. புத்தகத்திலை எல்லாம் கிடக்கு. நாங்களே நடந்து நாங்களே பாப்பம்" என்றார்.

பஸ்ஸால் இறங்கியதும் தன்னுடைய தோல் பையை என் தோளில் மாட்டினார்.

"மாமி, நாலு பேற்றை பாஸ்போட்டும் இதுக்குள்ளை. உங்களிட்டை இருக்கட்டும்."

"ஏன் தம்பி என்னட்டை?"

"உங்கடை பிடி உடும்புப் பிடியெல்லோ. உங்களிட்டையிருந்து ஒருத்தனும் பறிக்கேலாது."

"இஞ்சருங்கோ, அம்மாட்டையோ குடுக்கிறியள்?" என்று சுகந்தி பதறினாள். "போன கிழமை பல்லுசெட்டைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள்ளை பத்திரமா வைச்சவ!"

(அது எலி கொண்டுபோகாமல் வைச்சது. அம்மருட்டிலை நாலாம் மாடிக்கு எலி வராதெண்டு எனக்கு ஆர் சொன்னது?)

அந்தப் பை எனக்குப் பெரிய கௌரவம். உள்ளே இருந்தவை சாதாரணப் புத்தகங்களா? சிவப்பு மட்டை நோர்வே பாஸ்போட்டுகள். அதற்காக எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்கினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே புத்தகமும் அதுதான். அதில் என் படம் இருக்கிறது.

தவம் நடக்கத் தொடங்கினார். ரெயில் ஓட்டுகிறவர் எங்கே போனாலும் ரெயில்தான் ஓட்டுவார் என்று அன்று கண்டேன். ஒவ்வொரு கற்குவியலிலும் நின்றார், புத்தகத்தைப் பார்த்து விளக்கம் சொன்னார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உடனே, "அடுத்த தரிப்பு, பந்தடிச்ச மைதானம்! வலப்பக்கத்தாலை இறங்கவும்!"

"பாப்பா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கினம்" என்று, தகப்பனை நோர்வேப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, மீரா தொப்பியை முகத்துக்கு இழுத்தாள்.

வெயில் என்றால் வெயில். நான் மரத்தடியில் இருக்கிறேன், நீங்கள் போய்ப் பந்தடிச் சமாச்சாரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர்களை அனுப்பினேன். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தேன்.

ஒரு கல்மேடை. அதற்கு ஏறும் படியின் அடியில் வாயைப் பிளந்தபடி கல்லில் செய்த பாம்புத் தலை. எனக்குத் தேகம் சிலிர்த்துவிட்டது. எங்கள் நாகதம்பிரான்! கடல் கடந்து இங்கே வந்து, கேட்பாரற்று, ஒரு விளக்குக்கூட இல்லாமல் இருக்கிறார். அந்த நேரம் தூரத்தில் பெரிய கோபுரத்துக்கு முன்னால் சனங்கள் கூடி நின்று கைதட்டுகிற சத்தம் கேட்டது. (அது எதிரொலி கேக்கத் தட்டினதாம். பிறகுதான் மருமோன் சொன்னவர்.) சண்டேசுவரர் சந்நிதியில் நாங்கள் தட்டுவதைப்போலவே தட்டினார்கள். போதாததற்கு, இறால்போலச் சிவந்த இரண்டு நோர்வே ஆண்கள் மேற்சட்டையில்லாமல் என்னைக் கடந்து போனார்கள். கோயிலுக்குள் ஆண்கள் மேலுடுப்போடு போகக்கூடாது என்று வெள்ளைக்காரருக்கே தெரிந்திருக்கிறது! இது கோயிலேதான். இனி என்ன சந்தேகம்?

செருப்பைக் கழற்றினேன். ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து என் கால் கம்பளிக் காலுறையைப் பிரிந்ததில்லை, மெக்சிக்கோவிலும் அப்படியே. அதனால் கல் சுடவில்லை. கும்பிடக் கையைத் தூக்கியபோதுதான் தோளில் பை இடித்தது. தோல் பை! ஊரில் எங்கள் கோயில் வாசலில் தோல் பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, அதைத் தோளில் போட்டுக்கொண்டு நாகதம்பிரானுக்கு முன்னால் நிற்பதா?

பக்கத்தில் உடைந்த கல்லுகளுக்கிடையே வாய்ப்பான ஒரு பொந்து இருந்தது. பையை அதற்குள் வைத்து, மேலே செருப்பை வைத்து மூடினேன். கள்ளன் செருப்பைத் தூக்கிப் பார்ப்பானா? இடத்தையும் நன்றாக அடையாளம் பிடித்தேன். பொந்துக்குப் பக்கத்தில் ஓர் உடும்புச் சிலை இருந்தது. அந்த வேலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். கழுத்து மடிப்பு, முதுகு முள்ளு, ஒவ்வொரு செதிலாகச் செதுக்கியிருந்தான் சிற்பி. எந்தச் சாமிக்கு வாகனமோ தெரியாது, இருந்தாலும் எதற்கும் என்று மடியிலிருந்த திருநீற்றுச் சரையை அவிழ்த்து அதன் தலையில் கொஞ்சம் தூவினேன்.

பிறகு மேடையைச் சுற்றிக் கும்பிட்டுக்கொண்டு போனேன். மற்றப் பக்கத்தில் மூவரும் எதிரே வந்தார்கள்.

"மாமி, நேரம் போகுது. அடுத்த தரிப்பு, வாசல்!" என்று தவம் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். நானும் போனேன். கோயிலென்றால் போன வாசலால்தானே திரும்பி வருவோம்? வருகிற வழியில் எடுக்கலாம் என்று நினைத்தேன். அவருடைய புத்தக வழி சுற்றிக்கொண்டு போய் வேறு வாசலால் வெளியே விட்டது. அங்கே பஸ் நின்றது.

பஸ் படியில் ஏறப் போகும்போது மீரா என் காலைப் பார்த்தாள்.

"அம்மம்மா, உங்கடை செருப்பு எங்கை?"

தவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விடுங்கோ மாமி. செருப்புத்தானே? ஒஸ்லோவிலை வாங்குவம்."

"செருப்புப் போனால் போகட்டும் தம்பி" என்றேன். "அதுக்குக் கீழை வைச்ச பை?"

அந்தச் சிரிப்பு அப்படியே வாயில் நின்றது. (படமெடுத்து வைச்சிருக்கலாம்.)

"எங்கை வைச்சனியள்?"

"நாகதம்பிரான் கோயிலடியிலை. உடும்புச் சிலைக்குப் பக்கத்திலை."

தவம் புத்தகத்தைப் புரட்டினார். முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார்.

"உடும்புச் சிலையெண்டு ஒண்டும் இதிலை இல்லையே மாமி!"

"எழுதினவன் வடிவாப் பாத்திருக்க மாட்டான், தம்பி."

ஓடினோம். நேரே பெரிய கோபுரத்தடிக்கு ஓடினார் தவம். அங்கேயும் பாம்புத் தலை. அடுத்த மேடையிலும் பாம்புத் தலை. அந்த ஊரில் எங்கே படி இருந்ததோ அங்கேயெல்லாம் நாகதம்பிரான் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். அறிவித்தல் பலகைகளில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அது எழுதாத பலகை மாதிரித்தான். நான் உடும்பைத் தேடினேன். இதோ என்று ஒரு கல்லைக் காட்டினேன். நான் காட்டிய சிலை தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு, இறங்கி நடந்து போனது.

அதன் வால் புல்லுக்குள் மறையும்வரை நாலு பேரும் பார்த்தோம்.

"ஹேரகூட்" என்றாள் மீரா மெதுவாக. நோர்வேக்காரர் கடவுளைக் கூப்பிடுவது அப்படித்தான். "அம்மம்மா, நீங்கள் பாத்தது சிலை இல்லை."

பிறகு பார்த்தால் சுவரில் உடும்பு, புல்லில் உடும்பு, படியில் உடும்பு. எல்லாம் ஒரே முகம். தூரத்தில் பஸ் ஹோர்ன் அடித்தது. சுகந்தி ஒரு கல்லில் இருந்துவிட்டாள்.

"அதை எடுக்க எவ்வளவு அலைஞ்சனாங்கள், அம்மா" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். தவமும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மேடைக்கு ஓடினார். எனக்குத்தான் அந்தக் காலுறைக்குள்ளும் கால் குளிர்ந்தது. என்னால் நாலு பேரும் நாடில்லாமல் நிற்கப் போகிறோம்.

அப்போது எங்களைத் தேடி இங்கர் வந்தாள். பேர்கன் ஊர்க்காரி, எங்கள் பஸ், பென்சன்காரி. மழைக்குள்ளேயே வளர்ந்ததாலோ என்னவோ வெயிலில் அவித்த நண்டுபோல இருந்தாள். டிஜிட்டல் கமரா புதிதாக வந்திருந்த காலம். மகன் கிறிஸ்மசுக்குக் கொடுத்த கமராவைக் கழுத்தில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். எங்கள் கோலத்தைப் பார்த்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற மீராவைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கமராவை நீட்டினாள்.

"அழாதே, பிள்ளை. இதைப் பார். இங்கே எல்லா உடும்பும் சாம்பல் நிறம். நான் பிடித்தது வெள்ளைத் தலை உடும்பு. மிக அபூர்வமான வகை!"

மீரா பார்த்தாள். அடுத்த நொடி கத்தினாள். "அம்மம்மா! திருநீறு!"

நானும் எட்டிப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு, என் செருப்பின்மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தார் அந்த அபூர்வமானவர்.

இங்கருக்கு இடம் தெரிந்திருந்தது. பெரிய கோபுரத்தடி இல்லை, சின்ன மேடைக்குப் பின்னால். போனோம். உடும்பு இப்போது செருப்பைத் தள்ளிவிட்டு, பொந்துக்குள் பையின்மேலேயே ஏறிப் படுத்திருந்தது. தவம் கிட்டப் போனார். அது தாடையை விரித்தது. தவம் தூரப் போனார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ரெயிலில் சொல்கிற அதே குரலில், நோர்வே மொழியில், கதவு மூடப்போகிறது, விலகி நிற்கவும் என்றார். சத்தியமாகச் சொன்னார்.

அது அசையவில்லை.

"தள்ளுங்கோ தம்பி" என்று நான் குனிந்து அதன் காதுப்பக்கம் மெதுவாகச் சொன்னேன்: "இஞ்சை பார் ராசா. நான் சைவம். ஆனால் என்ரை தமையன்மார் சைவமில்லை. உன்னை மாதிரி ஒண்டு அம்பிட்டால் அவை மிளகுத்தூள் தூக்கலாப் போட்டுக் கறி வைப்பினம்."

என்னை ஒரு பார்வை பார்த்தது. இறங்கிப் போய்விட்டது. (தமிழ் விளங்கின உடும்பு.)

பாஸ்போட் நாலும் இருந்தன. ஆனால் பையில் அந்த உடும்பு தன் கையெழுத்தை நன்றாகவே வைத்துவிட்டுப் போயிருந்தது. "எஷ்!" என்று மீரா மூக்கைப் பொத்தினாள். நாங்கள் பஸ்ஸில் ஏறியபோது, வெயிலில் காத்திருந்த அத்தனை நோர்வேக்காரரும் ஒரு சொல் ஏசாமல், "யா, யா" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பக்க யன்னல்களைத் திறந்தார்கள். விமான நிலையத்தில் பாஸ்போட் பார்த்த அதிகாரி என்னுடையதைக் கொஞ்சம் தூரமாகவே பிடித்துப் பார்த்தார். மற்ற மூன்றையும் திறக்காமலே முத்திரை குத்தினார் என்று தவம் இன்றும் சொல்வார். (அது அவர் பெருப்பிக்கிறது.)

இங்கர் ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அந்தப் படத்தையே வாழ்த்து மட்டையாக்கி அனுப்புகிறாள். ஒரு முறைகூட மாற்றவில்லை. எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவு முழுக்கத் திருநீறு பூசிய உடும்பு. வீட்டில் கதவுத் திறப்பைக் காணோம், கண்ணாடியைக் காணோம் என்றால் யாரும் என்னைக் கேட்பதில்லை. குளிர்ப்பெட்டியைப் பார்த்து, "எங்கை வைச்சனி, சொல்லு" என்பார்கள்.

தோல் பையை அன்றைக்கு விமான நிலையத்திலேயே குப்பைத் தொட்டியில் போட்டாயிற்று. பிறகு சுகந்தி சீலைத் துணியில் ஒரு பை தைத்தாள், கோயிலுக்குள்ளும் கொண்டுபோகலாம் என்று. அடுத்த பயணத்துக்குப் புறப்பட்டபோது, இனி என் கையில் ஒரு ரொபி மிட்டாயும் தர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவடியில் ஒதுங்கி நின்றேன். தவம் நாலு பாஸ்போட்டையும் அந்தத் துணிப் பைக்குள் வைத்து, என் தோளில் மாட்டினார்.

"தம்பி, என்னட்டையோ?"

"ஓம் மாமி. ஒரு காட்டு உடும்பையே காவலுக்கு வைச்ச ஆள் நீங்கள். உங்களை விட்டால் வேறை ஆர்?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். படியால் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "ஆனால் மாமி, பக்கத்திலை சிலை ஏதும் இருந்தால், முதல்லை ஒருக்காத் தட்டிப் பாருங்கோ."