கூரையில் இடித்த பேரன்

காலை ஒன்பது மணிக்குப் பேரனைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். தலை கூரையில் இடித்தது. கொஞ்சம் சாய்த்தார்கள், கொம்பு இடித்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் பேரன் தடாலென்று கண்காணிப்பாளரின் காலிலேயே விழுந்தான்.

"பணிவான பிள்ளை சார்," என்றார் துணைக் கண்காணிப்பாளர்.

பேரன் ஓர் ஒட்டகச்சிவிங்கி. மரச்சட்டத்தில் காகிதக்கூழ் பூசிச் செய்த பொம்மை. குழந்தைகளுக்கான அந்த அறிவியல் கூடத்தில் இன்று திறக்கவிருந்த புதிய அறையில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் வரிசையாக நிற்க வேண்டும். தாத்தா எட்டடி, அப்பா பதினோரடி, பேரன் பதினாலடி. பின்சுவரில் பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'தாத்தா கழுத்தை நீட்டி நீட்டி இலை தின்றார். அப்பா இன்னும் நீட்டினார். அதனால் பேரன் நீண்ட கழுத்தோடு பிறந்தான்.' எழுதியது கண்காணிப்பாளர். இந்த முறை அதில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றச் சொல்லவில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

பதினோரு மணிக்குப் பள்ளிக் குழந்தைகள் வந்துவிடுவார்கள். அது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை அவருடைய சட்டைப்பையில் மடித்துக் கிடந்தது. இந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். அடுத்துக் கூடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பெயரை எழுதி, இன்று மாலைக்குள் படிவத்தை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருடம் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த இடம். தப்பான கையில் கொடுத்தால் இரண்டே வருடத்தில் சாமான் போடும் கிடங்காகிவிடும். துணைக் கண்காணிப்பாளர், தச்சர், ஓவியர் என்று கையில் இருந்த மூவரில், இன்றைக்கு யார் மூளையை உபயோகிக்கிறாரோ அவர் பெயரையே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"கூரை எத்தனை அடி?" என்று கேட்டார்.

"பன்னெண்டு சார்," என்றார் தச்சர்.

"எப்ப அளந்தீங்க?"

"ரெண்டு மாசம் முன்னாடி சார். செய்ய ஆரம்பிக்கும்போதே."

"அப்ப பதினாலடி நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்யா செஞ்சீங்க?"

"நீங்க பதினாலுன்னு எழுதிக் கொடுத்திருந்தீங்களே சார்."

கண்காணிப்பாளருக்குக் கோபம் வந்தது. கூடவே, தன் எழுத்துக்கு இருக்கும் மதிப்பை நினைத்து மனம் கொஞ்சம் குளிரவும் செய்தது. இரண்டில் குளிர்ச்சிதான் ஜெயித்தது. "சரி, இப்ப என்ன பண்ணலாம்? ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுங்க," என்றார்.

மூவரும் தரையைப் பார்த்தார்கள். யோசனை தரையில் கிடப்பதுபோல ஓவியர் கொஞ்சம் குனிந்துகூடப் பார்த்தார்.

"நீங்க சொன்னா சரியா இருக்கும் சார்," என்றார் துணைக் கண்காணிப்பாளர்.

"காலை வெட்டிடலாமா?"

"அதைத்தான் நானும் நினைச்சேன் சார்."

தச்சர் ரம்பத்தை எடுத்தார். பேரனின் கால்களில் இரண்டரை அடி போயிற்று. நிறுத்தினார்கள், ஆடியது. ஒரு கால் உயரம். அதை வெட்டினார்கள், எதிர்க்கால் உயரமாயிற்று. அதையும் வெட்டினார்கள். ஒருவழியாகப் பேரன் ஆடாமல் நின்றபோது உயரம் ஒன்பதடி. பக்கத்தில் பதினோரடி அப்பா அவனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரனைவிட அப்பா பெரிசா இருக்காரே," என்றார் கண்காணிப்பாளர்.

"ஆமா சார், இருக்கார்," என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"அப்ப?"

மூவரும் மறுபடி தரையைப் பார்த்தார்கள்.

அப்பாவை வெட்டினார்கள். அவரும் ஆடி, அவரையும் சமன் செய்து, ஆறடியில் வந்து நின்றார். இப்போது எட்டடித் தாத்தா இடையில் புகுந்து கெடுத்தார். அவரையும் விட முடியவில்லை. மணி பத்தரை ஆகும்போது தாத்தாவின் உயரம் மூன்றடி. கால் என்று சொல்ல அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. வயிறு தரையில் கிடந்தது. அதற்கு மேல் கழுத்து மட்டும் எழுந்து நின்றது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் கண்காணிப்பாளர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அற்புதம் சார்," என்றார் ஓவியர். அவர் எங்கே பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. தாத்தாவைப் பார்க்கவில்லை.

அந்த நிமிடத்தில் கண்காணிப்பாளருக்கு ஏனோ 'திருத்தம்' ஞாபகம் வந்தாள். கூடத்தில் குறிப்புப் பலகைகளை எழுதிக்கொண்டிருந்த பெண். எதைக் கொடுத்தாலும் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அதனால் வந்த பெயர். இதே ஒட்டகச்சிவிங்கி வாசகத்தைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு கூட்டத்தில் படித்துக் காட்டியபோது, விருந்தினர்களுக்கு எதிரிலேயே, "சார், இது தப்பு," என்று சொன்னவள். மறுநாளே அவளைப் பின்பக்கச் சாமான் அறைக்கு மாற்றினார். மூன்று மாதம் அட்டைப்பெட்டிகளை எண்ணிவிட்டு, ஒரு நாள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் கூரை பன்னிரண்டு அடி என்று இரண்டு மாதம் முன்னாலேயே சத்தம் போட்டிருப்பாள். அவர் முதன்முறையாக அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

பதினோரு மணிக்கு வாசலில் காவலாளியின் குரல் கேட்டது. "வாங்கம்மா, வாங்க. பதினோரு வருஷம் ஆச்சே."

இருபத்தைந்து குழந்தைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு உள்ளே வந்த ஆசிரியை திருத்தம்தான். காதோரம் நரைத்திருந்தது. கையில் பென்சில் இல்லை.

"வணக்கம் சார். நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றார். உடனே குழந்தைகள் பக்கம் திரும்பி, சுவரில் இருந்ததைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "தாத்தா கழுத்தை நீட்டி நீட்டி..."

"தாத்தா எங்கே?" என்று ஒரு குழந்தை கேட்டது. காட்டினார்கள். "அது ஆமை," என்றது.

துணைக் கண்காணிப்பாளர் தலையாட்டினார். பழக்கம்.

கண்காணிப்பாளர் படித்து முடித்ததும் முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். "எங்கப்பா படிக்கட்டுல விழுந்து முன்பல் ரெண்டும் உடைஞ்சு போச்சு. அதுக்கு அப்புறம்தான் நான் பிறந்தேன். எனக்கு ரெண்டும் இருக்கே." சாட்சிக்குப் பல்லையும் காட்டினாள். "தாத்தா நீட்டினது பேரனுக்கு வரும்னா, அப்பாவோட ஓட்டைப் பல் எனக்கு ஏன் வரல?"

கண்காணிப்பாளர் சுவரைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கூடத்துக்குள் அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை. தப்பு, ஒருத்தி மடக்கியிருந்தாள். பக்கத்தில் நின்ற மூவரைத் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்கப்பா," என்றார். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. சட்டைப்பையில் படிவம் இருந்தது. சொல்பவர் பெயரை அப்போதே எழுதிவிடத் தயாராக இருந்தார்.

"நல்ல கேள்வி சார்," என்றார் துணைக் கண்காணிப்பாளர்.

"ரொம்ப நல்ல கேள்வி," என்றார் ஓவியர்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான் சார்," என்றார் தச்சர்.

அப்போது திருத்தம் மெதுவாகக் கேட்டாள். "நான் சொல்லட்டுமா சார்?"

"சொல்லும்மா."

அவள் சுவர்ப்பக்கம் போகவே இல்லை. குழந்தைகளை உயர வரிசையில் நிற்க வைத்தாள். "இப்பப் பாருங்க. உங்கள்ல சிலர் குட்டை, சிலர் நெட்டை. யாரும் கழுத்தை இழுத்து விட்டுக்கல, பிறவியிலேயே அப்படி. ஒட்டகச்சிவிங்கிகளும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா பிறந்தது. மழை இல்லாத வருஷத்துல கீழ இருந்த இலை எல்லாம் தீந்துபோச்சு. யாருக்கு எட்டும்?"

"நெட்டைக்கு."

"எட்டாதது?"

"செத்துப்போகும்."

"அப்ப குட்டி போட மிச்சம் இருந்தது?"

"நெட்டைதான்," என்று கத்தினார்கள்.

"அதோட குட்டிங்க அது மாதிரியே இருக்கும். அதுலயும் உயரமானது மிஞ்சும். மூணு தலைமுறை இல்ல, ஆயிரக்கணக்கான தலைமுறை. யாரும் மாறணும்னு நினைச்சு மாறல. மிஞ்சினது மிஞ்சிச்சு. கடைசியில பாத்தா எல்லாமே ஒரே மாதிரி."

பின்னல்காரிக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. "செத்துப்போனதெல்லாம் என்ன தப்பு பண்ணுச்சு டீச்சர்?"

"ஒரு தப்பும் பண்ணல கண்ணு. அதுவும் நல்ல ஒட்டகச்சிவிங்கிதான். அந்த இடத்துல அதால இருக்க முடியல, அவ்வளவுதான்."

அவள் அவரைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

குழந்தைகள் கிளம்பும்போது அவர் வாசல் நடைவரை கூடவே போனார். "நீ அன்னிக்கே சொன்னேம்மா. நான்தான் கேக்கல. ரொம்பத் தப்பு பண்ணிட்டேன்."

"பரவாயில்ல சார்."

"திரும்பி வர்றியா? இந்த இடத்தை நீ பாத்துக்கோ. இப்பவே எழுதிக் கொடுத்துடறேன்." படிவத்தை வெளியே எடுத்தே விட்டார்.

அவள் அதைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் கை லேசாக அசைந்தது என்று அவருக்குத் தோன்றியது. "அப்ப கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன் சார். இப்ப எனக்கு இந்தப் பிள்ளைங்க இருக்காங்க," என்றாள். பிறகு இரட்டைப் பின்னலின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அவர் உள்ளே வந்து சுவர் வாசகத்தை அழிக்கச் சொன்னார். "சரிங்க சார்," என்று மூவரும் கிளம்பினார்கள். "வேண்டாம், இருக்கட்டும்," என்று சொல்லிப் பார்த்தார். "அதுவும் சரிதான் சார்," என்று மூவரும் நின்றார்கள். அழிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சாயங்காலம் வரை படிவத்தில் பேனா இறங்கவில்லை. துணைக் கண்காணிப்பாளர் பெயரில் முதல் எழுத்தைப் போட்டு அடித்தார். தச்சர் பெயரை நினைத்தார். பதினாலடி ஞாபகம் வந்தது. இப்படி ஒரு நிலைமைக்கு இந்தக் கூடம் எப்படி வந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது காவலாளி வழக்கம்போல எழுந்து நின்றார். கூடம் திறந்த நாளிலிருந்து அந்த வாசலில் இருப்பவர். கண்காணிப்பாளர் அவரைத் தாண்டிப் போனார், நின்றார், திரும்பி வந்தார்.

"ஏன் பெரியவரே, இருபத்தாறு வருஷத்துல வாயைத் திறந்து பேசற ஆள், இந்த இடத்தை நம்பிக் கொடுக்கற மாதிரி ஒரே ஒரு ஆள்கூடவா நமக்கு வந்து சேரல?"

காவலாளி கதவின் தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டே சொன்னார்.

"நிறையப் பேர் வந்தாங்க சார். ஒவ்வொருத்தர் வெளிய போகும்போதும் இந்தக் கதவைத் திறந்துவிட்டது நான்தானே."