சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த நாடு

ஐம்பது பேரின் பெருநாள் பிரியாணியைக் கெடுத்தவன் நான். யாரும் கேட்காமலேயே வலியப் போய் அதைச் செய்தேன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் வேலை. கப்பல் ஆவணங்களில் பிழை பார்ப்பது. ஒரு புள்ளி தப்பினாலும் கண்டுபிடிப்பேன் என்ற கர்வம் உண்டு. (கப்பலே தப்பினால் கவனிக்க மாட்டேன் என்பது மேனேஜரின் கருத்து.) குடியிருந்தது காதர் பாயின் பக்காலாவுக்கு மேல்மாடியில். பக்காலா என்றால் மளிகைக் கடை. காதர் பாய் கீழக்கரைக்காரர். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் மனைவி நூர்ஜஹான் அக்காவோடு இருந்தார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பக்கத்து கேம்ப்பில் இருக்கும் ஐம்பது தொழிலாளிகளுக்கு மதியம் மட்டன் பிரியாணி போடுவார். அதில் பாதிப் பேர் என்னைப் போல நோன்பு வைக்காதவர்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. முந்தைய வருடம் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ பழைய தகவலை நம்பி, காதர் பாய் ஒரு நாள் முன்னதாகவே கேம்ப் முழுக்க வாழ்த்துச் சொல்லி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து, டிவியில் சொன்னால்தான் பிறை என்பது கடைச் சட்டம். சட்டம் சரி, டிவிதான் சரியில்லை. மாடியில் இருந்த டிஷ்களையெல்லாம் கட்டட உரிமையாளர் கழற்றிவிட்டிருந்தார்.

"டிஷ்ஷே வேணாம் பாய். ஒரு ஆன்டெனா போதும். காத்துல சும்மா வருது," என்றேன்.

"சும்மா வர்றது வந்து சேரணுமே தம்பி."

வந்து சேரவில்லை. சுவரில் ஒட்டும் தட்டை ஆன்டெனா ஒன்று வாங்கி மாட்டினேன். சமையல் சேனல், ஒட்டகப் பந்தயச் சேனல் எல்லாம் பளிச்சென்று வந்தன. எங்களுக்கு வேண்டிய செய்திச் சேனல் மட்டும் தாழ்ந்த அலைவரிசையில் இருந்தது. பழைய டிவியாக இருந்தால் புள்ளி புள்ளியாகவாவது ஆள் தெரிவார். டிஜிட்டலில் அரைகுறை என்ற பேச்சே இல்லை. செய்தி வாசிப்பவரின் தாடை சதுரமாகி, நெற்றிக்கு ஏறி, அப்படியே நின்றுவிடும். கவனித்ததில், கடையின் பெரிய ஃப்ரீசர் உறுமத் தொடங்கும்போதெல்லாம் அவர் சதுரமானார். எல்இடி விளக்கைப் போட்டாலும் அப்படித்தான்.

இணையத்தில் இரண்டு நாள் படித்தேன். தாழ்ந்த அலைவரிசையின் அலை நீளமானது. அதைப் பிடிக்க ஆன்டெனாவுக்கும் நீளமான கைகள் வேண்டும். மோட்டாரும் மலிவு விளக்கும் கிளப்பும் மின் இரைச்சல் அந்த அலைவரிசையைத்தான் முதலில் கெடுக்கும். இவ்வளவும் உண்மை. படித்தவன் நான் என்பதுதான் பிரச்சினை.

என் அறையின் அலுமினியத் திரைக்கம்பிகளைக் கழற்றி ஆன்டெனா செய்தேன். (அதன்பின் ஆறு மாதம் சூரியன்தான் என்னை எழுப்பியது.) இருபத்தொன்பதாம் நோன்பன்று மதியம் அதை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் கட்டி, போனைக் காதில் வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பினேன். கீழே காதர் பாய் டிவியில் சிக்னல் அளவை வாசித்தார். துபாய் பக்கம் திருப்பினால் நடுவில் மலை. "ஒம்போது," என்றார். தெற்கே கடற்கரையோரமாகத் திருப்பினேன்.

"எம்பத்திரெண்டு. அசையாதீங்க தம்பி."

கீழே வந்து ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கி, விளக்குகளையும் நானே அணைத்தேன். எண் தொண்ணூறைத் தொட்டது. எண் எவ்வளவு ஏறியது என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் ஏறியது என்று பார்க்கவில்லை.

நோன்பு திறந்ததும் கடையில் கூடினோம். சட்டப்படி எல்லாருடைய போனும் கல்லாப்பெட்டிக்குள் போனது. டிவியின் மேல்மூலையை மறைத்துச் சிப்ஸ் பாக்கெட் சரம் ஒன்று தொங்கியது. படம் அவ்வளவு தெளிவு. சரத்தை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. திரையில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

நூர்ஜஹான் அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, எல்லாரும் வண்ண வண்ணமா தலைப்பா கட்டியிருக்காங்க? இங்க உள்ளவங்க இப்படிக் கட்ட மாட்டாங்களே."

"முக்கியமான நிகழ்ச்சி அக்கா. விசேஷ உடுப்பு," என்றேன்.

அறிவிப்பு வந்தது. காதர் பாய் காதைத் தீட்டிக் கேட்டார். "பிறை தெரியலையாம். நாளைக்கு முப்பது நோன்பு."

வெளியே பீரங்கி வெடிப்பது போல இரண்டு சத்தம் கேட்டது. காதர் பாய் என்னைப் பார்த்தார்.

"போர்ட்ல கன்டெய்னர் எறக்குறாங்க பாய்." போர்ட்டில் வேலை பார்ப்பவன் சொன்னால் மறுபேச்சு ஏது.

கல்லாவைத் திறந்து தன் போனை எடுத்தார். வாட்ஸ்அப் பக்கமே போகாமல் கசாப்புக் கடை கான் பாயைக் கூப்பிட்டார். அவரிடம் இரண்டு ஆடு சொல்லிவைத்திருந்தார். நாளையா, மறுநாளா என்று அறிவிப்பு வந்த உடனே சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"கான் பாய், கல் நஹி. பர்சோ," என்றார். நாளைக்கு இல்லை, மறுநாள்.

அந்தப் பக்கம் கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பக்கா?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் பெருவிரலை உயர்த்தினேன்.

"பக்கா."

இரவு இஷா தொழுகைக்குப் போன காதர் பாய் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பள்ளிவாசல்ல நோன்பு ராத்திரிக்கான தராவீஹ் தொழுகை இல்ல தம்பி. எல்லாரும் கட்டிப்பிடிச்சி வாழ்த்துச் சொல்றாங்க. நாளைக்குப் பெருநாளாம். அந்த ரெண்டு சத்தமும் பெருநாள் பீரங்கிதானாம்."

அக்கா போய்ச் சிப்ஸ் சரத்தை விலக்கினார். மூலையில் ஓமான் நாட்டுச் சேனலின் சின்னம், துளி சதுரமாகாமல் மின்னியது. அந்த வருடம் அங்கே பெருநாள் ஒரு நாள் தள்ளி. தெற்கே சில கிலோமீட்டரில் அவர்கள் எல்லை. அதே அலைவரிசையில் அங்கிருந்துதான் அந்தத் தொண்ணூறும் வந்திருந்தது.

கான் பாய் போனை எடுத்ததும் சிரித்துவிட்டார். "மட்டன் மாஃபி, காதர் பாய். உங்க ரெண்டு ஆட்டுக்கும் அஞ்சு பேர் சண்டை போட்டாங்க. கலாஸ்." மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் தீர்ந்தது. தெரிந்த மற்ற கடைகளிலும் அதே பதில்.

காதர் பாய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். "அம்பது பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். சட்டி, அரிசி, சமையல்காரர் எல்லாம் இருக்கு. கறிதான் இல்ல. காலையில அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்போது நூர்ஜஹான் அக்காவின் காலடியில் தண்ணீர் ஓடியது. ஃப்ரீசருக்கு அடியிலிருந்து வந்தது.

"ஏங்க, இது எப்ப அணைஞ்சது?"

மதியம் நான் பிடுங்கிய பிளக்கைக் குனிந்து மாட்டினேன். அக்கா மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். குளிர்ச்சி இருந்தது, கெட்டி இல்லை. கோழி நகெட்ஸ், மீன் விரல், பட்டாணி, பரோட்டா.

"இனி விக்க முடியாது. கெட்டும் போகல," என்றார். "காலையில சட்டியில போட்டுரலாம்."

மறுநாள் மதியம் ஐம்பது பேர் உலகத்தின் முதல் நகெட்ஸ் பிரியாணியைச் சாப்பிட்டார்கள். பரிமாறும் வேலை எனக்குத் தண்டனையாகக் கிடைத்தது. திருவாரூர்க்காரர் ஒருவர் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கு எந்தப் பக்கம்ணே இது?" என்று கேட்டார். பட்டாணியை எண்ணிப் பார்த்த இன்னொருவர் ரெண்டாந்தடவை வாங்கினார். சட்டி காலியானது. காதர் பாய் அதன்பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

இப்போது நான் அதே அமீரகத்தில், ஷார்ஜாவில் இருக்கிறேன். கேம்ப்பில் அந்த நகெட்ஸ் பிரியாணியின் பெயர் இன்றும் டிவி பிரியாணிதான். புதிதாக வருகிறவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். ஆட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி தனியாக ஏறுகிறது. வருடா வருடம் பிறை அறிவிப்பு வந்து ஐந்து நிமிடத்தில் என் போன் அடிக்கும். காதர் பாய் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.

"தம்பி, உங்க நாட்டுல என்னைக்குப் பெருநாள்?"