பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத கார்டியன்

அறுபத்து நான்காம் வருஷம், மகன் பிறந்த மறுமாதமே நான் இறந்துபோவது என்று முடிவு செய்தேன். பதறாதீர்கள், காகிதத்தில்தான். செஞ்சிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, சிங்கவரத்தில் கொஞ்சம் நிலம். நானும் மனைவி லீலாவதியும் போகிற பஸ் கவிழ்ந்து, இருவரும் சேர்ந்தாற்போல் போய்விட்டால் குழந்தையை யார் வளர்ப்பது? நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. உயில் எழுதிவிட வேண்டியதுதான்.

கார்டியனாக என் அண்ணன் சாந்திராஜைப் போட எனக்கு ஆசை. தன் தம்பி ஜினசேனனைப் போட அவளுக்கு ஆசை. அவளிடம் நேருக்கு நேர் பேசி நான் ஜெயித்த சரித்திரம் கிடையாது. அதனால் மூளையை உபயோகித்தேன். ஜினசேனனுக்கு விழுப்புரம் ரயில்வேயில் ராத்திரி வேலை, சாப்பாடும் ராத்திரிதான். நாங்களோ ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

"லீலா, கார்டியன் யாரா வேணா இருக்கட்டும். பொழுது சாஞ்சப்புறம் சாப்புடறவங்களா மட்டும் இருக்கக் கூடாது. புள்ள நம்ம தர்மத்துல வளரணும் இல்ல?"

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"எவ்ளோ நல்ல யோசனைங்க. எனக்கு வரலியே இந்தப் புத்தி."

"அப்ப எழுதிடலாமா?"

"எழுதுங்க. மண்டிச் சாவி வெச்சிருக்கறவங்களுக்கும் அதே விதின்னு ஒரு வரி சேத்துக்குங்க."

அண்ணனுக்கு மண்டியும் சேர்ந்து கிடைக்கிறது. தாராளமாகச் சம்மதித்தேன்.

பத்திரம் எழுதும் இளையபெருமாள் வீட்டுக்கே வந்தார். சாட்சிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடை காஸ்பரை லீலாவதியே அழைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும், வேறு சாட்சி கிடைக்கவில்லையா என்று அவள் காதில் கேட்டேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்ட காஸ்பர், பேனாவைக் கீழே வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற ஆளு நானு. கையெழுத்துப் போடறப்ப மறைக்கக் கூடாது."

"இன்னாத்த மறைக்கறது?" என்றாள் லீலாவதி, பச்சைக் குழந்தை மாதிரி.

"மண்டி சாத்தினதும் இவரும் இவங்க அண்ணனும் நம்ம கடைதான். தெனமும் ராத்திரி வெங்காய பஜ்ஜி."

"ராஜகிரி மலை மறைக்குது. பொழுது சாஞ்சுதா இல்லியான்னே தெரியறதில்ல" என்றேன்.

"அப்ப உங்க அண்ணன் ஆவமாட்டாரு" என்றாள் லீலாவதி.

"உன் தம்பியும்தான் ஆவமாட்டான்."

"அவனைப் போன மாசமே பகல் வேலைக்கு மாத்திட்டாங்க. இருட்டறதுக்குள்ள சாப்டுடறான். சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

இளையபெருமாள் ஜினசேனன் பெயரை எழுதினார்.

"சரி, எல்லாம் நாம செத்தப்புறம்தானே" என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"கார்டியனுக்கு அப்படி. சாவிக்கு இன்னிலேர்ந்தே இருக்கட்டும்" என்று கையை நீட்டினாள்.

சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. ராஜகிரி மேல் வெயில் இருக்கும்போதே மகனுக்குப் பால், எனக்குச் சோறு. அப்புறம் எங்கள் இருவர் வாயையும் துடைத்துவிட்டு, வாசல் கதவைத் தாழ் போட்டுவிடுகிறாள்.