பதினேழு ஜோடிப் பொருத்தம்

சோம்பேறிகளில் இரண்டு வகை. வேலையே செய்யாதவர்கள் முதல் வகை. அந்த வேலையை வேறு யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்களா என்று தேடுவதிலேயே மூன்று மடங்கு நேரத்தைச் செலவழிப்பவர்கள் இரண்டாம் வகை. கம்ப்யூட்டர் துறையில் இந்த இரண்டாம் வகைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நானும் வாங்குகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மும்பை தாராவியில் வீடு, ஐரோலியில் வேலை. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் உலகத்திலுள்ள நோட்டுப் புத்தகங்களை எல்லாம் ஒழித்துவிடலாம் என்ற திமிர் மட்டும் நிறைய இருந்தது.

என் பெரியப்பா எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். வருடா வருடம் மாட்டுங்காவில் ஒரு ஹால் எடுத்து, வரன் பார்க்கும் கூட்டம் நடத்துவார்கள். ஜோடி சேர்க்கிற பொறுப்பு தங்கராஜ் அண்ணாச்சிக்கு. நீளமான நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்.

"அரை மணி நேர வேலை பெரிப்பா. என்கிட்ட குடுங்க" என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

"எட்டி, நெசமாவா சொல்லுத? மைக்குல நின்னு வாசிக்கப்போறது நாந்தான். மானம் போயிரக் கூடாது."

"டென்ஷன் எடுக்காதீங்க பெரிப்பா."

சின்ன டேட்டாபேஸ்களுக்கென்றே எழுதிய ஒரு குட்டி லைப்ரரி இணையத்தில் கிடைத்தது. லைப்ரரி என்றால் இங்கே புத்தகம் அடுக்கிய இடமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருக்கும் நிரல். நாம் கூப்பிட்டால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். அதன் விளக்கக் குறிப்பு இரண்டே பக்கம். முதல் பக்கம் முழுக்கச் சுயபுராணம்: எடை குறைவு, மூன்று வரி போதும், பட்டியல்களை எதை வைத்து இணைப்பது என்று சொல்லாமல் விட்டாலும் தானே புரிந்துகொள்ளும். என்ன புரிந்துகொள்ளும் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் இரண்டாம் பக்கம் போகவில்லை.

பையன்களுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்கு ஒரு பட்டியல். பதிவு எண், வயது, அப்பா பெயர், சொந்த ஊர், குலதெய்வம், வீட்டு முகவரி என்று எல்லாவற்றையும் படித்துப் பார்க்காமல் மொத்தமாக ஏற்றினேன். எண், வயது கட்டங்களுக்கு மட்டும் 'பையன் எண்', 'பெண் எண்', 'பையன் வயது', 'பெண் வயது' என்று தனித்தனிப் பெயர் வைத்தேன். பையனுக்கு வயது அதிகம் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எதை வைத்து இணைப்பது என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அதுதான் தானே புரிந்துகொள்ளுமே!

பதினேழு ஜோடி வந்தது. பட்டியலில் பெயர் போடக் கூடாது, பதிவு எண் மட்டும்தான் என்பது சங்கத்துக் கட்டுப்பாடு. ஆகவே பதினேழு ஜோடி எண்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

"பதினேழுதானா? அண்ணாச்சி நோட்டுல நெறைய வருமே?"

"அது சும்மா கூட்டம். இது ஒவ்வொண்ணும் பக்கா மேட்ச் பெரிப்பா."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹால் நிறைந்திருந்தது. பெரியப்பா புதுச் சட்டையில் மேடையேறி, "இந்த வருசம் எல்லாம் கம்ப்யூட்டர் பொருத்தம். செஞ்சது நம்ம தம்பி மக கலா" என்று என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டு வாங்கிக் கொடுத்தார். அண்ணாச்சி மட்டும் நோட்டை மடியில் வைத்தபடி கைதட்டாமல் இருந்தார். பொறாமை என்று நினைத்தேன். (என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.)

"பையன் எண் பன்னெண்டு. பையன் வீட்டுக்காரங்க எந்திரிங்க."

கோபர்கைரனேயிலிருந்து வந்த ஒரு தம்பதி எழுந்தார்கள்.

"பொண்ணு எண் முப்பத்தொண்ணு. பொண்ணு வீட்டுக்காரங்க?"

யாரும் எழவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அதுவும் நாங்கதான்" என்றார்.

ஹாலில் ஒரு சிரிப்பு ஓடியது. ஏதோ எண் மாறிவிட்டது என்று பெரியப்பா அடுத்ததுக்குத் தாவினார். கோவண்டியிலிருந்து வந்த ஒருவர் பையனுக்காக எழுந்தார். பெண்ணுக்காக அவர் மனைவி எழுந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஜோடிக்கு, பையன் எண் கேட்டதும் பெருமையாக எழுந்தது என் அம்மா. அண்ணனையும் என்னையும் எங்களுக்குத் தெரியாமலே பதிவு செய்திருந்தாள். பெண் எண்ணையும் கேட்டபிறகு அம்மா உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"எட்டி, ரெண்டும் நம்ம வீட்டு நம்பர்லா?"

பக்கத்திலிருந்த அண்ணன் முருகன் தலையில் கை வைத்தான். "அரே, ஊரெல்லாம் தேடி எனக்குப் பாத்த பொண்ணு நீயா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லாமல் விட்டால் அந்தப் பாழாய்ப்போன லைப்ரரி, இரண்டு பட்டியலிலும் ஒரே பெயரில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று பார்க்கும். அவற்றில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருந்தால் இணைத்துவிடும். ஒரே அப்பா, ஒரே ஊர், ஒரே குலதெய்வம், ஒரே முகவரி. மும்பையில் இருக்கும் அண்ணன் தங்கைகளைப் பொறுக்கியெடுத்துக் கல்யாணத்துக்கு நிறுத்தியிருந்தேன்!

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கத்தினார்: "டோம்பிவிலில இருந்து ரெண்டு டிரெயின் மாறி வந்தது எம் மவளுக்கு அவ அண்ணனக் காட்டவாவே?"

"ஒரு நிமிஷம், சரி பண்ணிருதேன்" என்று லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா வந்து அதை மூடினாள். பெரியப்பா மைக்கை அணைக்க மறந்து, "அண்ணாச்சி, நோட்டு கொண்டாந்திருக்கியளா?" என்று கெஞ்சியது ஹால் முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி மேடையேறி, சாப்பாட்டு நேரம்வரை நின்று வாசித்தார். நான் கைகழுவும் இடத்தில் போய் ஒளிந்துகொண்டேன். அங்கேதான் இரண்டாம் பக்கத்தைப் போனில் படித்தேன். நான் ஊகித்ததை அப்படியே தெள்ளத் தெளிவாக எழுதியிருந்தான், படுபாவி. அவனைத் திட்டவும் வழியில்லை.

பெரியப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. சங்கத்து விண்ணப்பத்தில் இப்போது 'உடன்பிறந்தோர் பதிவு எண்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அச்சில்தான் அப்படி. வாய்ப்பேச்சில் அதற்குக் 'கலா கட்டம்' என்று பெயர். "கலா கட்டத்த நெரப்பாம விட்டுட்டியளே" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து, செம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் தனியாகப் பேசிய முதல் வாக்கியம்: "எனக்குத் தங்கச்சி கிடையாது. செக் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டேன். உங்களுக்கு எப்படி மேட்ச் ஆச்சு என்று யார் கேட்டாலும், இன்றைக்கும் என் முன்னாலேயே சொல்கிறார்: "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம்கூட ஒத்துப்போகல. அதான் பொருத்தம்."

இதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை.