நட்சத்திரக்குறி போட்ட பூட்டன்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. பஜ்ஜி தின்ன மட்டும் திறக்கலாம். இதை எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

குஜிலியம்பாறைப் பக்கம் வனிதாவின் வீடு. பார்த்ததுமே அவளைப் பிடித்துவிட்டது. காபி டம்ளரை நீட்டும்போது அவளும் லேசாகச் சிரித்தாள். அத்தோடு எழுந்து திண்டுக்கல் பஸ் ஏறியிருக்கலாம்.

"மொழியியல்னா என்ன படிப்பு மாப்ளே?" என்றார் அவள் அப்பா.

(அவர் கேட்டது மரியாதைக்கு. நான் பதில் சொன்னது திமிரில்.)

சமஸ்கிருதத்தில் பிதா, லத்தீனில் பாத்தெர், பாரசீகத்தில் பெதர், ஆங்கிலத்தில் ஃபாதர். எல்லாம் ஒரே ஆதிச்சொல்லின் பிள்ளைகள் என்றேன். (நம் தமிழ்ச்சொல் 'அப்பா' அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை.) அந்த ஆதிச்சொல்லை எவனும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளை ஒப்பிட்டு நாமே ஊகித்து, ஊகம் என்பதற்கு அடையாளமாக முன்னால் நட்சத்திரக்குறி போடுவோம்.

"யாரும் கேக்காத சொல்ல எப்புடி நம்புறது?"

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. "நம்ம குலதெய்வத்தையே எடுத்துக்குவோம் மாமா" என்றேன்.

எங்கள் சாமி பேர் வேறு, அவர்கள் சாமி பேர் வேறு. அதை விசாரித்துத்தான் தரகர் எங்களை அழைத்து வந்திருந்தார். நானோ பேரை விடுங்கள், பழக்கத்தைப் பாருங்கள் என்றேன். எங்கள் வீட்டில் சுரைக்காய் ஆகாது. "எங்களுக்கும் ஆகாது" என்றார் அவள் அம்மா. முதல் பொங்கல் நாய்க்கு. அங்கேயும் நாய்க்கு. எனக்குப் புல்லரித்தது. புதுக்கோயில் எழுப்பப் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுப்பார்களே, அது எந்த ஊர் என்று கேட்டேன். அவள் அப்பா சொன்ன ஊரேதான் எங்களுக்கும்.

"பாத்தீங்களா, ரெண்டுக்கும் ஒரே மூலம், ஒரே பூட்டன்" என்று தொடையைத் தட்டினேன். என் அப்பா கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"அப்ப நாம பங்காளிக. புள்ள ஒனக்குத் தங்கச்சி முறை ஆகுதே அப்பு" என்றார் வனிதாவின் அப்பா.

"மாமா, அது வெறும் ஊகம். அந்தப் பூட்டனை யாரும் பாத்ததில்ல. நட்சத்திரம் போட்டுக்குவோம்."

"மாமா இல்லப்பு, பெரியப்பா. பாக்காட்டியும் நம்பலாம்னு நீதான சொன்ன?"

அநியாயம். என் பேராசிரியர்கள் வருஷக்கணக்கில் நம்பாத என் ஆராய்ச்சி முறையை, இந்த மனிதர் செத்த நேரத்தில் நம்பித் தொலைத்தார்.

வனிதாவை ஆயக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். கூடப்பிறந்த ஆண் யாரும் அவளுக்கு இல்லை. போன மாசம் அவள் மகனுக்குக் காதுகுத்து. என் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் குத்தினார்கள். பையன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். சீர்த்தட்டுக்கு நடுவே பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். தாய்மாமன் என்று என் பேர் போட்டு, அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரம்.

வனிதாதான் போடச் சொன்னாளாம்.