ஊர்ப்பாசத் தள்ளுபடி

பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலின் ரசிகர்களில் இரண்டு வகை உண்டு. பந்தைப் பார்ப்பவர்கள் ஒரு வகை; பந்தை எறிகிறவனின் சம்பளப் பத்திரத்தைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி நமக்குக் கவலையில்லை. செப்டம்பரில் கத்த ஆரம்பித்து ஜனவரியில் அழுது முடித்துவிடுவார்கள், பாவம். இரண்டாம் வகைக்கோ மைதானம் பனி மூடிக் கிடக்கிற மார்ச் மாதத்தில்தான் உயிரே வருகிறது. இந்த ஜீவனுக்குச் சம்பள உச்சவரம்பு நிபுணர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது சுலபம். இவர் வாயில் 'மில்லியன்' என்ற சொல் வராது. "நாப்பது குடுக்கலாம், அம்பத்தஞ்சு ஜாஸ்தி" என்பார். நாற்பது என்ன, டாலரா, முட்டையா என்று நீங்கள் கேட்டுவிட்டால் தீர்ந்தது, அன்றோடு உங்களை மனுஷனாகவே மதிக்கமாட்டார். அப்புறம் அந்த 'நாங்க'. "நாங்க அவனை விட்டுடலாம்னு இருக்கோம்", "நாங்க அவனோட ஏஜெண்டுகிட்ட கண்டிப்பா சொல்லிட்டோம்." டீம் முதலாளியை இவர் நேரில் பார்த்திருக்கிறாரா? பார்த்திருக்கிறார், ஒரே ஒரு முறை, கார் நிறுத்துமிடத்தில், முதுகுப் பக்கமாக. பேனா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்; காகித நாப்கின் கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டார்; அதில் கட்டம் போட்டு, கூட்டி, கழித்து, அடித்து, அம்பு வரைந்து, கடைசியில் உங்கள் பக்கம் தள்ளி, "இப்ப புரியுதா?" என்பார். புரிந்தது என்று சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அடுத்தவன் கோடிகளை இப்படி அள்ளி விடுகிற இந்த மனிதரை, அவருடைய சொந்தச் சம்பளத்தில் ஒரே ஒரு டாலர் கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துப் பார்ப்போமா? ரே குப்சாக், வயது ஐம்பத்தெட்டு. மேற்குப் பென்சில்வேனியாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர். அவருடைய தர்பார் நடப்பது தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில். அன்றைக்கு இறைச்சி ஆகாது என்பதால் அங்கே மீன் பொரிப்பார்கள். கூடவே பீரோகி என்கிற அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெண்ணெயில் வெங்காயத்தோடு புரட்டிக் கொடுப்பார்கள். மீன் எல்லா ஊரிலும் கிடைக்கும். மூன்று மாவட்டத்து ஜனம் பனியில் வரிசை கட்டி நிற்பது பீரோகிக்காக. அதைச் செய்கிறவர் பெர்னி. இருபத்திரண்டு வருஷமாக, வாரத்துக்கு எண்ணூறு, கையாலேயே மாவு பிசைந்து, சல்லிக்காசு வாங்காமல். வலது மணிக்கட்டில் இப்போது பட்டை கட்டியிருக்கிறார். பெர்னி, ரே குப்சாக்கின் மனைவி.

அந்த வெள்ளிக்கிழமை ரேயின் எதிரே கஸ் டிமார்க்கோ உட்கார்ந்திருந்தார். கஸ் முதல் வகை, வெறும் பந்து பார்க்கிறவர்.

"ஹாலவே அம்பத்தஞ்சு கேக்கறானாமே?" என்றார் கஸ். ட்ரென்ட் ஹாலவே இவர்கள் டீமின் குவார்ட்டர்பேக். பந்து எறிகிற மகராசன்.

"கேப்பான். கேக்கறதுக்கு என்ன, காசா பணமா? நாங்க நாப்பதுக்கு மேல போகமாட்டோம்."

"அவன் தோள்பட்டை அடிபட்டு உக்காந்த மூணு மேட்ச்சுலயும் நாம நாறினோமே, மறந்துட்டியா? கேக்கறதக் குடுத்துத் தொலைங்கப்பா."

"டேய் கஸ், உனக்குப் பந்துதான் தெரியும். உச்சவரம்புன்னு ஒண்ணு இருக்கு. ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு கோடு. அத்தனையும் இவன் ஒருத்தன் வாயில கொட்டிட்டா, இவனுக்கு முன்னாடி நின்னு இடி வாங்கறானே அவனுக்கு என்ன குடுப்ப, பீரோகியா? எட்டு வருஷமா இந்த ஊர் உப்பைத் தின்னிருக்கான். ஊர்ப்பாசம்னு ஒண்ணு வேணாமா? பத்து பதினஞ்சு தள்ளுபடி பண்ணிக்கட்டுமே!"

"பண்ணமாட்டேன்னா?"

ரேயின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தானே காலையிலிருந்து காத்திருக்கிறார்? நாப்கினை இழுத்தார்.

"டம்மி வருஷம் எதுக்கு இருக்கு? காச இப்பவே கையில குடுத்துடறோம். கணக்குல மட்டும் அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுப் போடறோம். கடைசி மூணு வருஷம் அவன் இங்க இருக்கவே போறதில்ல, சும்மா பேருக்கு."

"சரி, அவன் போயிட்டா?"

"போனா, தள்ளி வெச்சதெல்லாம் ஒரே வருஷத்துத் தலையில வந்து விழும். செத்த காசும்பாங்க. அவன் வேற டீமுக்கு ஆடுவான், செலவு நம்ம கணக்குல."

"ஐயய்யோ! அது ஆபத்தில்லையா?"

"அட, அது அடுத்த வருஷக் கவலைடா!"

இதுதான் இந்த இனத்தின் மூலமந்திரம். பரிமாறுகிற ஜன்னலில் இடுக்கியோடு நின்றிருந்த பெர்னி இதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். சிரித்தாரா என்று யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பங்குத்தந்தை டியர்னி படியிறங்கி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ரே, விஷயம் தெரியுமா? ஆத்துக்கு அக்கரைப் பங்குக் கோயில்ல நம்ம பெர்னியக் கூப்பிடறாங்களாம். மணிக்கு இருபத்திரெண்டு டாலராம், மாவு பிசைய மெஷினாம், கூட ரெண்டு ஆளாம். திங்கக்கெழம மத்தியானம் பன்னெண்டுக்குள்ள நாம பதில் சொல்லணும்னு பெர்னி சொல்லிட்டாங்க. அவங்க போயிட்டா நம்ம கூடத்துக்கு யார் வருவா? இந்தப் பேரமெல்லாம் நீங்க கரைச்சுக் குடிச்சவராச்சே, நீங்களே பேசி முடிச்சுடுங்க."

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு! லீக்கில் ஒப்பந்தம் முடிகிற ஆட்டக்காரர்களோடு மற்ற டீம்கள் பேச்சு வார்த்தை தொடங்குகிற அதே மணி. பெர்னி தற்செயலாகத்தான் அந்த நேரத்தைச் சொன்னாரா? ரேக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷி. வாழ்நாளில் முதல்முறையாக நிஜமான பேரம் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறதே!

சனிக்கிழமை காலை, வீட்டுச் சமையலறை மேஜை. ரே சட்டையை மாற்றிக்கொண்டு, நாப்கினோடு வந்து உட்கார்ந்தார்.

"பெர்னி, நாங்க உன்ன ரொம்ப மதிக்கிறோம்."

"நாங்கன்னா யாரு?"

"நானு, ஃபாதரு... பங்கு. இங்க பாரு, இக்கரைக்கு அக்கரை பச்சை. அங்க போனா நீ யாரோ. இங்க உனக்குன்னு ஒரு பேரு இருக்கு. ஊர்ப்பாசம்னு ஒண்ணு..."

"இருபத்திரெண்டு வருஷமா ஓசியில பிசையறேன் ரே. இதுக்கு மேல என்ன தள்ளுபடி? நான் காசு குடுத்துட்டுப் பிசையணுமா?"

ரே நாப்கினில் ஒரு கட்டம் போட்டார். "சரி, மெஷின். வாங்கிடலாம். அடுத்த வருஷம்."

"அப்புறம்?"

"ஆட்டக்காரன் ஒத்துக்கலன்னா, டீமுக்கு ஒரு உரிமை இருக்கு. முத்திரை குத்தி, ஒரு வருஷம் எங்கயும் போக விடாம நிறுத்தி வெக்கலாம்." சிரிப்பு மூட்டத்தான் சொன்னார். பெர்னி இடது கையைத் தூக்கி மோதிரத்தைக் காட்டினார்.

"அந்த முத்திரையத்தான் எண்பத்தொம்போதுலயே குத்திட்டியே. அதுக்கு மேல பிடிச்சு வெக்கணும்னா ஏதாச்சும் குடுத்துத்தான் வெக்கணும்."

சொல்லிவிட்டு எழுந்து, கத்தியும் கரண்டியும் கிடக்கிற டிராயரின் அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் போட்டார். ரப்பர் வளையம் போட்ட காகித நாப்கின்கள். எல்லாம் ரேயின் கையெழுத்து. இரண்டாயிரத்தெட்டு: பாத்திரம் கழுவுகிற மெஷின், அடுத்த வருஷம். பதின்மூன்று: குளியலறை எக்ஸாஸ்ட் விசிறி, அடுத்த வருஷம். பதினாறு: ஏரிக்கரையில் ஒரு வாரம், நாம் இரண்டு பேர் மட்டும், அடுத்த வருஷம். பத்தொன்பது: பின்கதவுப் படி, அடுத்த வருஷம், சத்தியமாக. ஒவ்வொன்றிலும் கூட்டல், கழித்தல், அம்பு.

"இதெல்லாம் நீ வெச்சிருக்கியா?" என்றார் ரே, குரல் இறங்கிப்போய்.

"நீதானே சொன்ன, போனா தள்ளி வெச்சதெல்லாம் ஒரே வருஷத்துல விழும்னு? விழுது. திங்கக்கெழம."

"பெர்னி... நீ எங்கயும் போகமாட்டேன்னு நெனச்சேன்."

"அதான் ரே. ஹாலவேயும் எங்கயும் போகமாட்டான்னுதான் நெனச்சிட்டு இருக்க." பெர்னி மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "எனக்குக் கை வலிக்குது ரே. அவ்வளவுதான்."

ரேக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கை வலிக்குமா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஹாலவேயின் தோள்பட்டையைப் பற்றியோ தினமும் இரண்டு வேளை விசாரிக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே டியர்னி சாமியாரிடம் போனார். மெஷின், மணிக்கு இருபத்திரண்டு, இரண்டு ஆள் என்று மூன்றையும் கேட்டுவிடுவது என்று முடிவு. ஐம்பத்தைந்து மில்லியனை வாயால் அளக்கிற மனிதருக்கு இது ஒரு பொருட்டா? "ஃபாதர், பெர்னிக்கு..." என்று ஆரம்பித்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாமியார் கொதிகலன் பழுதைப் பற்றியும் கூரை ஒழுகலைப் பற்றியும் பெருமூச்சு விட்டார். பத்து நிமிஷம் கழித்து ரே வாங்கிக்கொண்டு வந்த வாக்குறுதி இதுதான்: பொரிக்கிற அடுப்புக்கு மேலே பெர்னியின் பெயர் பொறித்த ஒரு பித்தளைப் பலகை. அதுவும் ஈஸ்டருக்குப் பிறகு.

பெர்னி கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தார். அப்புறம் ரேயின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திங்கட்கிழமை பன்னிரண்டு அடிக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. பன்னிரண்டரைக்கு ரேடியோவில் வேறு செய்தி: ஹாலவே ஐம்பத்தேழுக்கு வேறு ஊர் போகிறான். பேருந்துக்கு அடியில் படுத்திருந்த ரே அதைக் கேட்டார். அதில் உறுதியாகக் கைக்கு வருகிற கேரண்டிப் பணம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பாத்திரம் கழுவுகிற மெஷினை முதுகொடிய உள்ளே தூக்கி வைத்தார். குளியலறை விசிறியை மாட்டினார். பின்கதவுப் படிக்குப் பலகை அறுத்தார். ஏரிக்கரை வீட்டுக்கு முன்பணமும் கட்டியாயிற்று. செய்வதெல்லாம் இங்கே, பெர்னி மாவு பிசைவதோ அக்கரையில். எட்டிப் பார்த்த கஸ், வாசலிலேயே நின்று, "செத்த காசுடா ரே, செத்த காசு!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் ரே பாலத்தைத் தாண்டி, அக்கரைக் கூடத்தில் காகிதத் தட்டோடு வரிசையில் நின்றார். முக்கால் மணி நேரம். உள்ளே மெஷின் கடகடவென்று மாவு பிசைந்துகொண்டிருந்தது. ஜன்னலில் பெர்னி. மணிக்கட்டில் பட்டை இல்லை.

"எத்தன?"

"ஒரு டஜன்."

"பதினாலு டாலர்."

ரே பர்ஸைத் திறந்தார், மூடினார், பின்னால் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டு குனிந்தார். "ஏம்மா, ஊர்ப்பாசத்துக்குக் கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"

"கொறைக்கலாமே," என்றார் பெர்னி. "அடுத்த வருஷம்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கு ஃபுட்பாலும் தெரியாது, உச்சவரம்பும் தெரியாது, நாப்கினில் கணக்குப் போடுகிற பழக்கமும் கிடையாது. நீங்கள் இந்த இனமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்: கடைசியாக 'அடுத்த வருஷம்' என்று யாரிடம் சொன்னீர்கள்? ஞாபகம் இல்லையா? பரவாயில்லை. அவருக்கு ஞாபகம் இருக்கும். எதற்கும் எழுந்து போய், உங்கள் வீட்டில் கரண்டி கிடக்கிற டிராயரின் அடியில் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை மதியத்துக்குள்.