காலில் இறகுள்ள கோழிகள்

நான் கோழிக்குக் கால் கழுவியிருக்கிறேன். கழுவியதோடு நிற்காமல் துவாயால் ஒற்றி, ஹேர் டிரையரால் உலர்த்தியும் விட்டிருக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுவதும் வேலைவிட்டு வந்ததும் எனக்கு இதுதான் தொழில். எங்கள் குடும்பத்தில் இதை அறியாதவர் இல்லை. ஆகவே மறைத்துப் பயனில்லை.

அப்போது நான் பாரிசின் லா ஷப்பலில் ஒரு சிறிய தமிழ்ப் பத்திரிகையில் இருந்தேன். குளிர்நாட்டில் வீட்டுக்கோழி வளர்ப்பது பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தபோது நான் கோழி நிபுணனாகியிருந்தேன் (அரைப்பக்கம் எழுதினால் எந்தத் துறையிலும் நிபுணனாகலாம் என்பது அப்போதைய என் நம்பிக்கை). பாரிசை அடுத்த திரான்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டம் இருந்தது. முட்டைக்குக் கோழி வளர்க்க வேண்டுமென்று அம்மா நெடுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அது கொத்தக் கூடாது, குளிரில் சாகவும் கூடாது என்றாள் அக்கா. அப்படி ஒன்றைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

லெகோர்ன் இனக் கோழி நிறைய முட்டையிடும். ஆனால் ஆளைக் கண்டால் பறக்கும். பெரிய கொண்டை உறைபனியில் கருகிப்போகும். தள்ளிவிட்டேன். கோழி விற்பவர் சஸ்ஸெக்ஸ் இனத்தைக் காட்டினார். சாதுவானது, குளிர் தாங்கும், முட்டைக்கும் குறைவில்லை. ஆனால் அவை வெறுங்காலோடு நின்றன. மார்கழிக் குளிரில் ரப்பர் செருப்போடு பாரிசில் வந்திறங்கிய சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். பக்கத்துக் கூட்டில் பிரம்மாக் கோழிகள் இருந்தன. தலையோடு ஒட்டிய சிறு கொண்டை, மெத்தை போன்ற உடம்பு, விரல்நுனிவரை இறகு. கம்பளிக் காலுறையோடு பிறந்த கோழி! விற்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரை மறித்து, பிரம்மாவின் சிறப்புகளை அவருக்கே விளக்கினேன். மூன்றைப் பெட்டியில் போட்டுத் தந்துவிட்டார்.

என் அரைப்பக்கத்தில் விடுபட்ட செய்தி ஒன்றுண்டு. பாரிசின் குளிர்காலம் பெரும்பாலும் பனியல்ல, சேறு. முதல் மழையிலேயே காலிறகில் சேறு உருண்டை உருண்டையாய் ஒட்டிக் காய்ந்து, கோழிகள் கால்பந்துச் சப்பாத்துப் போட்டவைபோல நடந்தன. அப்படியே விட்டால் விரல் புண்ணாகும். கழுவி ஈரத்தோடு விட்டால் குளிரும். ஆகவே ஹேர் டிரையர்.

எனக்குத்தான் அது தண்டனை. கோழிகளுக்குச் சொர்க்கம். சூட்டுக்காற்றில் கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தன. சில வாரங்களில் டிரையர் சத்தம் கேட்டால் போதும், தோட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் ஓடிவந்து, கிடைத்த மடியில் ஏறி, ஒரு காலைத் தூக்கி நீட்டப் பழகிவிட்டன. அக்கா தலை காயவைப்பதென்றால் முதலில் பின்கதவைச் சாத்துவாள்.

இந்த நிலையில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். முன்பு வந்தவை ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. லா கூர்னெவில் இருந்த மாப்பிள்ளை சுதனோடு அக்கா தொலைபேசியில் பேசியிருந்தாள். பிடித்திருந்தது. இனி அவருடைய தாய் ஓம் சொல்ல வேண்டும். தாய் கண்டிப்பானவர் என்று கேள்வி.

"வாற ஆக்கள் போகுமட்டும் உன்ரை கோழியளைப் பற்றி ஒரு கதையும் எடுக்கக் கூடாது. விளங்குதோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா."

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நல்ல மழை. சுதனும் தாய் தகப்பனும் ரயில் நிலையத்திலிருந்து நனைந்தபடியே நடந்து வந்தார்கள். தாய் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயோ மாமி, தடிமன் பிடிக்கப்போகுது. இருங்கோ," என்று அக்கா டிரையரைக் கொண்டுவந்தாள். பிள்ளை வளர்த்த விதத்தைப் பாருங்கள் என்பதுபோல் அம்மா நிமிர்ந்து நின்றார். வடை பொரித்த புகை போகட்டும் என்று தாமே பின்கதவைத் திறந்து வைத்திருந்தது அப்போது அவருக்கு ஞாபகமில்லை.

அக்கா சுவிட்சைப் போட்டாள்.

முதலில் வந்தது மூன்று கோழிகளிலும் பாரமானது. குசினியைக் கடந்து, விருந்தறைக் கம்பளத்தை மிதித்து, ஒரே தாவலில் பட்டுச்சேலை மடியில் ஏறியது. வசதியாக உட்கார்ந்துகொண்டு, சேறு அப்பிய ஒரு காலைத் தூக்கி நீட்டியது.

"இது… என்ன இது?" என்றார் சுதனின் தகப்பன், தன் கால்களைக் கதிரையில் தூக்கி வைத்தபடி.

"பிரம்மா, ஐயா. சாதுவான இனம். குளிர் தாங்கும். கொத்தாது," என்றேன். (கேட்ட கேள்விக்குத் தகவல் கொடுப்பது பத்திரிகைப் பழக்கம்.)

"தம்பி, வாயை மூடு," என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான், நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது.

கோழியைத் தூக்கப் பார்த்தேன். நகம் சரிகையில் மாட்டியிருந்தது. இழுத்தால் சேலை கிழியும். அது தானாக இறங்க ஒரே வழிதான் இருந்தது. ஈரத் துவாயைக் கொண்டுவந்து, சுதனின் தாய்க்கு முன்னால் முழந்தாளிட்டு, கோழியின் ஒரு காலைத் துடைத்து உலர்த்தினேன். பிறகு மற்றக் காலை. முடிந்ததும் கோழி சரிகையை விட்டு, மெல்ல இறங்கிப் போனது. மற்ற இரண்டும் வரிசையில் நின்றன.

சுதனின் தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"கலியாணத்திலை மாப்பிள்ளைக்குக் கால் கழுவப்போற பெடியன் உவன்தானே?"

"ஓ… ஓம்," என்றார் அம்மா.

"அப்ப பழக்கத் தேவையில்லை. பிள்ளை, தேத்தண்ணியைக் கொண்டுவாவன்."

சுதன் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அக்கா அழுகையும் சிரிப்புமாய்க் குசினிக்குள் ஓடினாள். சேலைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "பட்டுத்தானே, கழுவலாம். நீதான் இருக்கிறாயே," என்றார் அந்தக் கண்டிப்பானவர்.

கலியாணத்தன்று, பெண்ணின் தம்பி செய்யும் முறைப்படி, மண்டப வாசலில் செம்புத் தண்ணீரால் மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். முறைப்படி அவர் என் விரலில் மோதிரம் போட்டார். எந்த முறையிலும் இல்லாதபடி, அவருடைய தாய் கைப்பையைத் திறந்து ஒரு ஹேர் டிரையரை எடுத்து என்னிடம் நீட்டினார். வீடியோவில் தாலி கட்டுவதைவிட அது தெளிவாக விழுந்திருக்கிறது.

இப்போது எங்கள் தோட்டத்தில் நிற்பவை சஸ்ஸெக்ஸ் கோழிகள். வெறுங்கால். சேறு காய்ந்தால் தானே உதிர்ந்துவிடும். எனக்கு ஒரு வேலையுமில்லை. ஆனால் மழை நாளில் அத்தான் வீட்டுக்கு வந்தால், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே கதிரையில் உட்கார்கிறார். என்னைப் பார்க்கிறார். பிறகு கண்ணைச் செருகிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி நீட்டுகிறார்.